மஞ்சள் எங்கே முடிகிறது: பள்ளிச் சுவரில் ஓர் உலகப் படம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கால்வாய் பாயும் ஊர் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் நடுநிலைப்பள்ளியில் நடந்தது இது. அங்கே ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுப்பவர் ஓர் ஆசிரியை மட்டுமே. கண்டங்கள் பற்றிய பாடம் மூன்று வகுப்புகளிலும் பிரிந்து கிடக்கிறது: ஆறாம் வகுப்பில் ஆசியாவும் ஐரோப்பாவும், ஏழில் வட, தென் அமெரிக்காக்கள், எட்டில் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா. ஒரு வகுப்பில் படித்த கண்டத்தை அடுத்த வகுப்பில் படிக்கும் கண்டத்தோடு பொருத்திப் பார்க்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் குறைவு. வகுப்பறையில் தொங்கிய உலகப் படம் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. காகசஸ் மலை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பேறிய செலோ டேப்தான் இருந்தது.

முன்னாள் மாணவர்கள் சிலர் பணம் போட்டார்கள். கோடை விடுமுறையில் சுற்றுச்சுவரின் உட்பக்கம் பெரிய உலகப் படம் வரைவது என்று முடிவானது. வரைய வந்தவர் உள்ளூர் ஓவியர். கோயில் கொடை விளம்பரம், கடைப் பலகை, கட்சிச் சுவரெழுத்து எல்லாம் எழுதிப் பழகிய கை. யோசனை சொல்ல, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் வந்து போனார்.

தலைமையாசிரியர் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டார்: நாட்டு எல்லைகள் வேண்டாம். இந்தியாவின் வெளி எல்லையை இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட படத்துக்கு மாறாகக் காட்டுவது சட்டப்படி குற்றம். தூரிகையால் சுவரில் வரையும்போது அந்தத் துல்லியத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. ஆகவே ஏழு கண்டம், ஏழு நிறம், சுற்றிலும் நீலக் கடல். நாட்டு எல்லையை விட்டுவிட்டால் தகராறே வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தகராறு வந்ததோ கண்ட எல்லையில்.

சுவரும் கட்டமும்

படம் 18 அடி நீளம், 9 அடி உயரம். அந்த அளவுக்குக் காரணம் உண்டு. பூமியின் தீர்க்கரேகைகள் 360 பாகை, அட்சரேகைகள் 180 பாகை. இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். 18-க்கு 9 என்று வைத்தால் ஓர் அடிக்கு 20 பாகை, அரை அடிக்கு 10 பாகை. நீலம் மயக்கிய நூலைச் சுவரில் சுண்டி அரை அடிக் கட்டங்கள் போட்டால் நீளவாக்கில் 36, உயரவாக்கில் 18 என்று 648 கட்டங்கள் வரும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ ஐந்து நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). நடுக்கோட்டில் ஓர் அங்குலம் என்பது தரையில் சுமார் 185 கிலோமீட்டர்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன். 162 சதுர அடிக்கு வெளிர்நீலம் இரண்டு பூச்சு அடிக்க மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவானது. கண்டங்களுக்கு வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் கலந்து நிறங்கள் எடுக்கப்பட்டன. ஒரே கலவையில் மீதம் வைத்துக்கொள்வது அவசியம். பிறகு திருத்தும்போது அதே நிறம் மறுபடி கிடைக்காது.

நிறங்களுக்கு ஒலிம்பிக் வளையங்களையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஓவியர் கேட்டார். அது சரிப்படவில்லை. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபர்த்தேன் 1913-ல் வரைந்த அந்த ஐந்து வளையங்கள், இரண்டு அமெரிக்காக்களையும் ஒன்றாக எண்ணி, மனிதர் குடியில்லாத அண்டார்க்டிகாவை விட்ட கணக்கு. இன்ன நிறம் இன்ன கண்டம் என்று அவர் ஒதுக்கவும் இல்லை. வெள்ளைப் பின்னணியோடு சேர்த்து அந்த நிறங்களைக் கொண்டே அன்றைய எல்லா நாட்டுக் கொடிகளையும் வரைந்துவிடலாம் என்பதே அவர் கணக்கு. ஆசியாவுக்கு மஞ்சள், ஐரோப்பாவுக்குச் சிவப்பு, ஆப்பிரிக்காவுக்குப் பச்சை என்று தனியாக முடிவு செய்துகொண்டார்கள்.

முதல் கேள்வி

கரையோரக் கோடுகள் முடிந்து நிறம் நிரப்பும் நாளில், சீனாவிலிருந்து மஞ்சளை இழுத்துக்கொண்டு வந்த ஓவியர் சைபீரியாவின் நடுவே நின்றார். "டீச்சர், மஞ்சள எங்கன நிறுத்தட்டும்?"

ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தக் கேள்வி எழவில்லை, கடல் நிறுத்திக்கொடுத்தது. ஆசியா ஐரோப்பாவுக்கு நடுவே கடல் இல்லை. பாடநூல் படத்தில் யூரல் மலையோரம் ஒரு கோடு உண்டு. ஆனால் அந்த மலைத்தொடர் காஸ்பியன் கடலைத் தொடாமலே முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே எந்த ஆறு, எந்த மலை என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் அந்தக் கோட்டின் கதையைச் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் போட்டுக் காட்டினார். பழங்கிரேக்கர்களில் சிலர் கருங்கடலின் கிழக்குக் கரையில் விழும் பாசிஸ் ஆற்றை எல்லையாக வைத்தார்கள். இன்றைய ஜார்ஜியாவின் ரியோனி ஆறு அது. வேறு சிலர் தானாயிஸ் ஆற்றை, அதாவது இன்றைய தோன் ஆற்றை வைத்தார்கள். ஒரே நிலமாக இருப்பதற்கு எதற்காக மூன்று பெயர் (ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவுக்கு அன்றைய பெயரான லிபியா), யார் போட்ட எல்லை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். ஆனாலும் தோன் ஆற்றுக் கோடு நெடுங்காலம் நின்றது. பொல்தாவா போரில் ருஷ்யரிடம் பிடிபட்டுச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட ஸ்ட்ராலன்பெர்க் என்ற ஸ்வீடன் ராணுவ அதிகாரி, 1730-ல் வெளியிட்ட நூலில் எல்லையை யூரலுக்குக் கொண்டுபோனார். ருஷ்ய அறிஞர் ததீஷ்செவும் அதே கருத்தை முன்வைத்தவர். ருஷ்யாவின் மையப்பகுதி முழுக்க ஐரோப்பாவில் அடங்கும்படி கோடு அமைந்தது அந்த அரசுக்கும் உகந்ததாக இருந்தது.

தோன் ஆற்று முகத்துவாரம் 39 பாகைக் கிழக்கு; யூரல் சுமார் 60 பாகைக் கிழக்கு. சுவர்க் கணக்கில் ஓர் அடிக்கு மேல். மலையோ ஆறோ இம்மியும் நகராதபோது கண்டத்தின் எல்லை மட்டும் ஓரடி நகர்ந்திருக்கிறது. அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுகள் இரண்டையும் பள்ளி திறந்த பிறகு பிள்ளைகள் பார்க்கும்வரை அழிக்காமல் விட்டிருக்க வேண்டும். மறுநாளே நிறம் ஏறிவிட்டது.

தட்டுகளை வைத்துப் பிரிக்கலாமா

அப்போது பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவர் ஒரு யோசனை சொன்னார். ஆறும் மலையும் மனிதர் தேர்ந்தெடுத்தவை என்றால், பூமியின் மேலோடே பிரிந்து கிடக்கும் புவித்தட்டுகளை எல்லையாக வைத்தால் என்ன? நியாயமான கேள்வி, அறிவியல் படித்த எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒரு பிற்பகல் முழுக்க அதைத் தாளில் போட்டுப் பார்த்தார்கள்.

போட்டதும் படம் கலைந்துவிட்டது. யூரல் மலை இன்று தட்டு எல்லையே அல்ல. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இரண்டு நிலத்தொகுதிகள் மோதி ஒட்டிய பழைய தையல் அது. எனவே ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே நிறமாகிவிடும். மறுபக்கம் இந்தியா ஆசியாவிலிருந்து பிரிந்து தனி நிறம் பெறும், அரேபியாவும் அப்படியே. ஐஸ்லாந்தின் குறுக்கே கோடு விழும். அதன் மேற்குப் பாதி வட அமெரிக்கத் தட்டில், கிழக்குப் பாதி யூரேசியத் தட்டில். வடகிழக்குச் சைபீரியா வட அமெரிக்காவின் நிறத்துக்குப் போகும். கிழக்கு ஆப்பிரிக்காவோ பிளவுப் பள்ளத்தாக்கு நெடுக இப்போதுதான் மெல்லப் பிரிந்துகொண்டிருக்கிறது; அதை இன்று ஒன்றென்பதா இரண்டென்பதா?

தட்டுகள் உண்மையானவை, அளக்கக் கூடியவை. ஆனால் மக்கள் கண்டம் என்று சொல்லும் பொருள் அதுவல்ல. தட்டு என்பதில் கடலடித் தரையும் சேர்த்தி. பசிபிக் தட்டில் பெரும்பகுதி கடல்தான். யோசனை கைவிடப்பட்டது. என்றாலும் அந்தத் தாள் பின்னர் ஒரு பாடத்துக்கு மிக நன்றாகப் பயன்பட்டது.

எடுத்த முடிவுகள்

கோட்டை முதலில் போட்டுவிட்டுக் காரணம் தேடுவதை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒப்பவில்லை. விதியை முதலில் எழுதுவோம், அதையே உலகம் முழுவதற்கும் வைப்போம் என்றார். எழுதிய விதி: ஏழு கண்டப் பகுப்பு, கடல் பிரிக்கும் இடத்தில் கடல், கடல் இல்லாத இடத்தில் நெடுநாள் வழக்கில் உள்ள இயற்கைக் கோடு, ஒன்றுக்கு மேற்பட்ட கோடு வழக்கில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள நிலத்தில் இரு நிறமும் சாய்கோடாக.

இந்தச் சாய்கோடுதான் படத்தின் உயிர் என்று சொல்லலாம். காஸ்பியனுக்கு மேலே யூரல் ஆற்றை எல்லையாகக் கொள்வோர் உண்டு, எம்பா ஆற்றைக் கொள்வோரும் உண்டு. முகத்துவாரத்தில் இரண்டுக்கும் இடைவெளி சுவரில் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. காஸ்பியனுக்கும் கருங்கடலுக்கும் நடுவேதான் பெரிய சிக்கல். காகசஸின் நீர்ப்பிரி முகட்டை, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்து இறங்கும் உச்சிக்கோட்டை, எல்லையாகக் கொள்வது ஒரு வழக்கம். அதற்கு வடக்கே கூமா–மானிச் தாழ்நிலத்தைக் கொள்வது இன்னொன்று. 1958-ல் சோவியத் புவியியல் சங்கம் பரிந்துரைத்தது எம்பா ஆறும் கூமா–மானிச் தாழ்நிலமும் சேர்ந்த கோடு. மேற்கு நாட்டு நிலப்படங்கள் பலவும் யூரல் ஆறு, காகசஸ் முகடு என்று போகின்றன. இரண்டு கோட்டுக்கும் இடையே சுவரில் ஓரிடத்தில் ஓர் அங்குலம், ஓரிடத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல்.

அந்த இரண்டங்குலத்துக்குள்தான் எல்பிரஸ் சிகரம் நிற்கிறது. உயரம் 5,642 மீட்டர். முகட்டை எல்லையாகக் கொண்டால் எல்பிரஸ் அதற்கு வடக்கே, ஐரோப்பாவில். ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. தாழ்நிலத்தைக் கொண்டால் எல்பிரஸ் ஆசியாவுக்குப் போய்விடும். ஐரோப்பாவின் உச்சி ஆல்ப்ஸின் மோன் பிளாங்க், சுமார் 4,806 மீட்டர். போட்டித் தேர்வு வகுப்பு நடத்தும் பெற்றோர் ஒருவர் இதைக் கேட்டதும் கலங்கிப்போனார். விடைக்குறிப்பில் ஒன்றுதானே இருக்கும் என்றார். அவருக்குச் சொன்ன பதில்: தேர்வில் எல்பிரஸ் என்றே எழுதட்டும், பெரும்பாலான நூல்கள் அந்தக் கோட்டையே பின்பற்றுகின்றன, எந்தக் கோட்டால் அந்த விடை வருகிறது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

சூயஸில் கோடு கால்வாயோடு போனது. சினாய் தீபகற்பம் சுவரில் ஒன்றரை அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம். எகிப்து நாட்டின் பகுதியானாலும் ஆசியாவின் மஞ்சள். 1869-ல் கால்வாய் திறக்கும்வரை அங்கே நடந்தே கடக்கலாம், ஆனாலும் அந்த நிலச்சந்தி முன்பே எல்லையாகத்தான் எண்ணப்பட்டது. மனிதர் வெட்டியதால் கண்டம் பிரியவில்லை, பிரித்துப் பேசிய இடத்தில் வெட்டு விழுந்தது. பனாமாவில் அப்படிச் செய்யவில்லை. அங்கே கால்வாயை விட்டுவிட்டு, கொலம்பியாவை ஒட்டிய டாரியன் காட்டுப் பகுதியில் நிறம் மாற்றப்பட்டது, அதுவே பெருவழக்கு. இங்கே நாட்டு எல்லையும் அதுதான் என்பதால், நாட்டு எல்லை வேண்டாம் என்ற நிபந்தனை மறைமுகமாக மீறப்பட்டது என்றே சொல்ல வேண்டும். 1903 வரை பனாமாவே கொலம்பியாவின் பகுதி.

நியூகினி தீவு சுவரில் ஓரடி அகலம். ஒதுக்கித் தள்ள முடியாது. அதன் மேற்குப் பாதி இந்தோனேசியாவுக்கு உரியது, ஆகவே மஞ்சள் என்பது ஒரு கட்சி. அந்தத் தீவும் ஆஸ்திரேலியாவும் ஒரே கண்டத்திட்டின் (கண்டத்தை ஒட்டிக் கடலுக்குள் ஆழம் குறைவாக நீளும் நிலம்) மேல் நிற்பவை. பனியுகத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இரண்டும் ஒரே நிலம். விதிப்படி ஆஸ்திரேலியாவின் நிறமே கொடுத்தார்கள். மலையேறிகள் கண்டத்துக்கு ஒன்றாக எண்ணும் ஏழு சிகரப் பட்டியலும் இங்கேதான் இரண்டாகிறது: ஆஸ்திரேலியா என்ற நாட்டோடு நிறுத்தினால் கோசியஸ்கோ, 2,228 மீட்டர், நியூகினியையும் சேர்த்தால் புன்சாக் ஜயா, 4,884 மீட்டர்.

நியூசிலாந்து அந்தத் திட்டில் இல்லை. அது நிற்பது சீலாண்டியா என்ற தனி நிலத்தொகுதியின் மேல். பரப்பு சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் 94 சதவீதம் கடலுக்குள். அதையும் கண்டமாக எண்ண வேண்டும் என்று 2017-ல் நிலவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நியூசிலாந்துக்கு ஆஸ்திரேலிய நிறம் கொடுத்து, சீலாண்டியாவைச் சுற்றி வெள்ளைப் புள்ளிக்கோடு போட்டார்கள். இந்தப் புள்ளிக்கோடு வேறொரு வாசலைத் திறந்தது.

குமரிக்கண்டம் பற்றிய கேள்வி

ஊரில் எல்லோரும் மதிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் படத்தைப் பார்க்க வந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நியூசிலாந்துக்காரங்களுக்கு முங்கிப்போன கண்டத்துக்குப் புள்ளி போட்டிருக்கீகளே ஐயா, நம்ம குமரிக்கு ஏன் போடல?"

இதை யாரும் சிரித்துத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் இந்த ஆய்வை எழுதவே வேண்டியதில்லை. கடல்கோளில் நிலம் போனது என்ற நினைவு தமிழ் இலக்கியத்தில் ஆழமாக இருக்கிறது; தென்கடல் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு அது வெறும் நூல் செய்தி அல்ல. கேள்வியின் தருக்கமும் சரி. ஒரு விதி வைத்தால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

ஆகவே சீலாண்டியாவை அளந்த அளவுகோலையே குமரிக்கும் வைத்தார்கள். 2017 கட்டுரை கேட்டவை நான்கு: சுற்றியுள்ள கடலடியைவிட உயர்ந்திருக்க வேண்டும், பலவகைக் கண்டப் பாறைகள் இருக்க வேண்டும், மேலோடு கடலடி மேலோட்டைவிடத் தடித்திருக்க வேண்டும், பரப்பு பெரிதாகவும் எல்லை தெளிவாகவும் இருக்க வேண்டும். கடலடி மேலோடு சுமார் 7 கிலோமீட்டர் தடிமன், கண்ட மேலோடு 30 முதல் 40 கிலோமீட்டர். குமரிமுனைக்குத் தெற்கே கண்டத்திட்டு முடிந்ததும் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. இந்தியா வடக்கே நகர்ந்தபோது புதிதாக உருவான கடலடி மேலோடு அங்கே விரிந்து கிடக்கிறது; அதில் பதிந்த காந்தப் பட்டைகள் (பாறை உறைந்த காலத்தில் பூமியின் காந்தத் திசை விட்டுப்போன தடங்கள்) அந்த நகர்வின் காலக் கணக்கையே வைத்திருக்கின்றன. மூழ்கிய பெருங்கண்டத்துக்கு அங்கே இடமில்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற கருத்தும் தமிழ்நாட்டில் பிறந்ததல்ல. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினம் இருப்பதை விளக்க 1864-ல் ஸ்க்ளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்த ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெளிந்த பிறகு அந்த ஊகம் தேவையற்றுப் போனது.

தமிழாசிரியர் ஒரு பத்திரிகைத் துணுக்கும் கொண்டுவந்திருந்தார்: மொரீசியஸ் தீவின் அடியில் பழங்கண்டத் துண்டு ஒன்று இருப்பதாக 2013-ல் வந்த ஆய்வுச் செய்தி. ஆய்வு உண்மை. ஆனால் அந்தத் துண்டு இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில் உதிர்ந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு. மனித இனத்தின் வயது சுமார் மூன்று லட்சம் ஆண்டு.

அதோடு நிறுத்தியிருந்தால் பேச்சு கசந்திருக்கும். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் அடுத்த அடி வைத்தார். கண்டம் மூழ்கவில்லை, ஆனால் நிலம் மூழ்கியிருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கை நம்மோடு ஒரே நிலம். மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த கரையோரம் தரை. குமரிக்குத் தெற்கே இன்று மீனவர்கள் மீன்வளத்துக்காகத் தேடிப்போகும் வாட்ஜ் பாங்க் திட்டில் கணிசமான பகுதியும் தரை. பனி உருகிக் கடல் ஏறியதில் அவை போயின. மனிதர் பார்த்திருக்கக் கூடிய கடல்கோள் அதுதான்.

முடிவு இப்படி அமைந்தது. உலகம் முழுவதும் கண்டத்திட்டை மிக வெளிர் நீலத்தில் பட்டையாகக் காட்டுவது. சீலாண்டியாவின் புள்ளிக்கோடு அப்படியே இருக்கட்டும். குமரிக்குத் தெற்கே அந்தப் பட்டை சுவரில் அரை அங்குலம்கூட வராது, ஆனால் இருக்கும். பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே, போர்னியோவுக்கும் மலாயாவுக்கும் நடுவே, சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே மூழ்கிய நிலமும் அதே நிறத்தில் தெரியும். தமிழாசிரியர் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அரை அங்குலம் போதாது என்றார். என்றாலும் பட்டையைப் பூசிய நாளில் வந்து பார்த்தார்.

பள்ளி திறந்த பிறகு

ஜூனில் பிள்ளைகள் வந்ததும் படத்தின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கையில் பூகோள உருண்டையோடு நின்று கண்டுபிடித்தாள். படத்தின் இடது ஓரத்தில், அலாஸ்காவுக்கு மேற்கே, அரை அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் அமெரிக்க நிறத்தில் இருந்தது. "டீச்சர், இது உருண்டையில ரஷ்யால்ல?" அவள் சொன்னது சரி. ஆசியாவின் வடகிழக்கு மூலையான சுகோத்கா 180 பாகைக் கோட்டைத் தாண்டி 169 பாகை மேற்கு வரை நீள்கிறது. படத்தை 180-ல் வெட்டியதால் அந்த முனை இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பது அமெரிக்கா என்பதால் ஓவியர் அந்த நிறத்தையே போட்டிருந்தார். மீதம் வைத்திருந்த மஞ்சளால் திருத்தினார்கள்.

பி.எட். மாணவரின் தாள் அப்போது வெளியே வந்தது. தட்டுக் கணக்கில் சுகோத்கா வட அமெரிக்கத் தட்டில்தான் இருக்கிறது. ஓவியர் தவறிப் போட்ட நிறம், வேறொரு விதியை வைத்திருந்தால் சரியான நிறம். விதி மாறினால் விடை மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வகுப்பில் கிடைக்காது.

காகசஸ் முகடு என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியை செங்கோட்டையை எடுத்துக்கொண்டார். ஆரியங்காவுக் கணவாயில் மேற்கே விழும் மழை கல்லடை ஆறாகி அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது சிற்றாற்றோடு தாமிரபரணியில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. நீர்ப்பிரி முகடு அங்கே கண்கூடு. ஆனாலும் முகட்டுக்குக் கிழக்கே இருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை மாநிலத்துக்கு வந்து திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. 2019-ல் தென்காசி மாவட்டத்துக்குப் போனது. முகடு இயற்கை, அதை எல்லையாக வைப்பதும் வைக்காமல் விடுவதும் மனிதர் முடிவு என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

சாய்கோடு எதிர்பாராத விதத்தில் தவறாகப் படிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் பலர் அதைச் சண்டை நடக்கும் இடம் என்றார்கள். தொலைக்காட்சிப் படங்களில் அப்படித்தானே காட்டுகிறார்கள். ஒருவன் பாலைவனம் என்றான். படத்தில் விளக்கம் எதுவும் இல்லாததால் வந்த கோளாறு. அளவு பற்றிய குழப்பமும் இருந்தது. நீள்சதுரக் கட்டத்தில் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பக்கவாட்டில் இழுபடும். அடியில் ஓரடி உயரத்துக்கு நெடுக ஓடிய அண்டார்க்டிகா படத்தின் ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையில் அது பூமிப் பரப்பில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு, கண்டங்களில் ஐந்தாவது. கிரீன்லாந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிட்டத்தட்ட நிகராகத் தெரிந்தது. அது ஏன் தீவு, இது ஏன் கண்டம் என்ற கேள்வி அதனால் கூர்மையானது. நேர்மையான பதில்: கிரீன்லாந்து 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியா சுமார் 77 லட்சம். இரண்டுக்கும் நடுவே இத்தனைக்கு மேல் கண்டம் என்று யாரும் ஓர் எண் வைக்கவில்லை. கிரீன்லாந்து வட அமெரிக்கத் தட்டில் ஒட்டியிருப்பது அதைத் தீவாக வைத்துக்கொள்ள ஒரு கூடுதல் காரணம், அவ்வளவுதான்.

கப்பலில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, தென் அமெரிக்கத் துறைமுகங்களில் அமெரிக்கா ஒரே கண்டம் என்கிறார்களே என்று கேட்டார். அதுவும் உண்மை, லத்தீன் அமெரிக்காவில் பரவலாகக் கற்பிப்பது அதுதான். ருஷ்யாவில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் யூரேசியா என்று ஒன்றாக எண்ணி, வேறு விதமாக ஆறு கண்டங்கள் சொல்கிறார்கள். இந்தக் கேள்விகள் சேர்ந்துதான் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்ற முடிவைக் கொண்டுவந்தன. படத்தின் வலப்பக்கம் மூன்றடிக்கு நான்கடியில் கருநீலப் பலகை, வெள்ளை எழுத்து. அதன் வாசகம்: "இப்படம் ஏழு கண்டப் பகுப்பைப் பின்பற்றுகிறது. நான்கு, ஐந்து, ஆறு என்று பகுப்போரும் உண்டு. இரு நிறக் கோடுள்ள இடத்தில் எல்லை பற்றி இரண்டு வழக்குகள் உள்ளன. அது போர்ப் பகுதி அன்று. வெளிர் நீலப் பட்டை கடலுக்குள் இருக்கும் கண்டத்திட்டு. துருவப் பகுதிகள் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும்."

பலகை வந்த பிறகு ஆசிரியை கேள்வி கேட்கும் முறையும் மாறியது. "ஐரோப்பாவின் எல்லை எது?" என்பதற்குப் பதிலாக, "காகசஸ் முகட்டை எல்லையாகக் கொண்டால் எல்பிரஸ் எங்கே இருக்கும்?" என்று கேட்கிறார். எல்லாப் பிள்ளைகளும் இதை விரும்பவில்லை. மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய சிலர், ஒரே விடை வேண்டும் என்று இன்னமும் கேட்கிறார்கள். பொதுத்தேர்வை நினைத்தால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குப் பாடநூல் விடையை முதலில் உறுதிப்படுத்திவிட்டு, மற்றதைப் பிறகு சொல்வதே பயனளித்தது.

வடகிழக்குப் பருவமழையில் சுவரின் அடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்தது. தரையிலிருந்து ஓரடியிலேயே படம் தொடங்கியதால் அண்டார்க்டிகாவின் வெள்ளை பல இடங்களில் பொரிந்து உதிர்ந்தது.

இனி வரைவோர் மாற்றிக்கொள்ள வேண்டியவை

படத்தைத் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் தொடங்குங்கள். வெட்டுக்கோட்டை 180-ல் வைக்காமல் 170 பாகை மேற்கில் வையுங்கள். கட்டமும் மாறாது, சுகோத்கா முழுவதும் வலப்பக்கம் ஆசியாவோடு சேர்ந்துவிடும். அதன் முனை மட்டும் ஒன்றரை நூல் மிஞ்சும், தூரிகைக் கோட்டுக்குள் அது மறைந்துவிடும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகள் பல வலது ஓரத்துக்கு வரும், அவற்றுக்கு அமெரிக்க நிறம் போட மறக்கக் கூடாது.

விதியையும் அறிவிப்புப் பலகையையும் நிறம் தொடும் முன்பே எழுதி முடிக்க வேண்டும். இந்தப் பள்ளியில் பலகை கடைசியில் வந்ததால், இடையில் சில வாரங்கள் பிள்ளைகள் சாய்கோட்டைப் போர்க்களமாகவே படித்தார்கள். சாய்கோட்டின் அகலம் அரை அங்குலம் இருந்தது. இரண்டங்குல இடத்துக்கு அது தடிமன். கால் அங்குலத்தில் போட்டால் தூரத்திலிருந்தும் இரு நிறமும் கலந்து தெரியும்.

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா இரண்டையும் உண்மைப் பரப்பு விகிதத்தில் அட்டையில் வெட்டி, கயிற்றில் கட்டிப் படத்தருகே தொங்கவிடலாம். பிள்ளைகள் அதை எடுத்து இந்தியாவின் மேலும் ஆஸ்திரேலியாவின் மேலும் வைத்துப் பார்க்கட்டும். இந்தப் பள்ளியில் கிரீன்லாந்து அட்டை தயாராகிவிட்டது, அண்டார்க்டிகா அடுத்த பருவத்தில்.